திருக்கோயில் எடுத்த கவிஞர்

கற்றவர் தம் கல்வியை யாருக்கு ஆக்குவது என்பது எந்நாட்டிலும் எக்காலத்திலும் எழுகின்ற ஒரு வினாவாகும். அரசவை ஏறிப் புகழும் பொருளும் ஈட்டுதற்கு அதனை ஏணியாக்குவார் பலர். ஏரும் எருதுமே அறிந்த எளிய மக்களிடையே சென்று அதனை விளக்காக ஏற்றுவார் மிகச் சிலர். இவ்விரு வழிகளும் கூடும் சந்தியிலே நெடுங்காலம் நின்று மயங்கி, முடிவிலே இரண்டாம் வழியிற் சென்ற ஒரு பெரும் புலவர், பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்தில் வாழ்ந்தார். அவர் பெயர் ஜோர்ஜ் ஹேர்பேட். ஆங்கிலப் பக்திப் பாவலருள் முன்வரிசையில் வைத்தெண்ணப்படும் இவர் கல்லாலும் மரத்தாலும் ஒரு கோயிலை எடுப்பித்தார். சொல்லாலும் ஒரு கோயிலை எடுத்தார். இரண்டும் இன்றுங் காண நிற்கின்றன.

பிறப்பும் கல்வியும்

ஹேர்பேட் 1593ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 3ஆந் திகதி, வேல்ஸ் நாட்டெல்லையிலுள்ள மொண்ட்கொமெரி என்னும் ஊரிற் பிறந்தார். அவர் குடும்பம் பழம்பெருமையும் செல்வாக்கும் உடையது. தந்தையார் இறந்தபோது அவருக்கு மூன்று வயது. ஆண்மக்கள் எழுவர், பெண்மக்கள் மூவர் ஆகப் பதின்மரை வளர்த்தெடுக்கும் பொறுப்பு முழுவதும் தாயார் மக்டலின் அம்மையாரைச் சார்ந்தது. அவ்வம்மையார் கல்வியும் பத்தியும் நிறைந்தவர், புலவர்களைப் போற்றியவர். பெரும் புலவரும், பின்னர் இலண்டன் சென் போல் பேராலயத்தின் தலைமைக் குருவாய் விளங்கியவருமான ஜோன் டன் அக்குடும்பத்தின் நெருங்கிய நண்பர். மூத்த மகன் எட்வேட் பிற்காலத்தில் மெய்யியல் அறிஞராகவும் பிரபுவாகவும் பெயர் பெற்றார்.

ஜோர்ஜ் வெஸ்ற்மினிஸ்ரர் பாடசாலையில் இலத்தீனும் கிரேக்கமும் கற்று, 1609இல் கேம்பிறிட்ஜ் சர்வகலாசாலையின் றினிற்றிக் கல்லூரியிற் சேர்ந்தார். 1613இல் இளங்கலைப் பட்டமும் 1616இல் முதுகலைப் பட்டமும் பெற்றார். 1618இல் அணியிலக்கண ஆசிரியராக அமர்ந்தார். 1620இல், இருபத்தேழு வயது நிரம்புவதற்கு முன்னரே, சர்வகலாசாலையின் பேருரையாளர் என்னும் பதவி அவரை வந்தடைந்தது. மன்னருக்கும் மந்திரிகளுக்கும் சர்வகலாசாலையின் பெயரால் இலத்தீன் மொழியில் திருமுகம் வரைதலும், பெரியோர் வருங்கால் வரவேற்புரை நிகழ்த்தலும் அப்பதவியின் கடமைகள். முதலாம் ஜேம்ஸ் மன்னர் தாம் இயற்றிய நூலொன்றைச் சர்வகலாசாலைக்கு வழங்கியபோது நன்றித் திருமுகம் எழுதியவர் இவரே. அறிஞர் பிரான்சிஸ் பேக்கன் தாம் மொழிபெயர்த்த சங்கீதங்கள் சிலவற்றை 1625இல் அச்சிட்டபோது, அந்நூலை ஹேர்பேட்டுக்கே உரிமை செய்தார்.

அப்பதவி அரசாங்க உயர்பதவிக்கு வாயிலாகவும் இருந்தது. அவருக்கு முன் அதில் இருந்தவருள் ஒருவர் நாட்டின் அரசுச் செயலாளராக உயர்ந்திருந்தார். ஹேர்பேட் உள்ளத்திலும் அவ்வாசை முளைவிட்டது. 1624இல் மொண்ட்கொமெரித் தொகுதியின் சார்பிற் பாராளுமன்றத்திலும் அமர்ந்தார். ஆயினும், அவரை ஆதரித்துவந்த பிரபுக்கள் இருவர் அடுத்தடுத்து மாண்டனர். 1625இல் மன்னரும் மறைந்தார். பாராளுமன்ற அனுபவமும் அவருக்கு இனித்ததாகத் தெரியவில்லை. ஏணியின் படிகள் கழன்றமையாலேதான் அவர் இறைபணிக்குத் திரும்பினார் என்று கூறுவாரும் உளர். அஃது அத்துணைப் பொருத்தமன்று. 1624ஆம் ஆண்டின் இறுதியில், மன்னர் உயிரோடிருந்த காலத்திலேயே, உதவிக்குருப் பட்டம் விரைந்து பெறுதற்கு அவர் அனுமதி பெற்றுவிட்டார் என்பது ஏடுகளால் அறியப்படுகின்றது. உதவிக்குருவாகத் திருநிலை பெற்றவர்க்கு அரசாங்க உயர்பதவிக்குரிய கதவு பெரும்பாலும் அடைபட்டுவிடும். அதனை அறிந்தே அவர் அப்படியில் அடிவைத்தார் எனல் தகும்.

இடிந்து கிடந்த கோயில்

1626ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் லிங்கன் பேராலயத்தைச் சார்ந்த மானியப் பதவி ஒன்று ஹேர்பேட்டுக்கு வழங்கப்பட்டது. அம்மானியம் ஹன்ரிங்டன் பகுதியிலுள்ள லேற்றன் புறொம்ஸ்வோல்ட் என்னுஞ் சிற்றூரைச் சேர்ந்தது. பதவியேற்புச் சடங்கும் அவருக்குப் பதிலாகப் பிறிதொருவர் நிற்க நடைபெற்றது. அவ்வூரிற் குடியிருந்து பணிசெய்ய வேண்டிய கடப்பாடு அப்பதவிக்கு இல்லை. வருவாயைப் பெற்றுக்கொண்டு வாளாவிருந்திருப்பினும் அக்கால வழக்கப்படி அவரைக் குறைகூறுவார் எவருமிலர்.

ஆனால், அவ்வூர்க் கோயில் இடிந்து கிடந்தது. மரியன்னையின் பெயரால் அமைந்த அத்தேவாலயம் பதின்மூன்றாம் பதினான்காம் நூற்றாண்டுகளின் வேலைப்பாடு உடையது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக அங்கே வழிபாடு நடைபெறவில்லை. ஊர்மக்கள் அங்குள்ள கோமகன் ஒருவரின் மாளிகை மண்டபத்திற் கூடியே வழிபட்டு வந்தனர். கோயிலைப் புதுக்குதற்கு அவர்கள் செய்த முயற்சிகளும் கைகூடவில்லை.

இவ்வாறு கோயில்கள் அழிதற்குரிய காரணத்தை ஈண்டு அறிதல் நன்று. இங்கிலாந்தின் ஊர்த் தேவாலயம் இரண்டு பகுதிகளை உடையது. கிழக்கே பலிபீடம் அமைந்த திருவிடம் ஒன்று. மேற்கே மக்கள் கூடும் நெடுமண்டபம் மற்றொன்று. திருவிடத்தைப் பேணும் கடமை கோயில் வருவாயைப் பெறுபவருடையது. நெடுமண்டபத்தைப் பேணும் கடமை ஊராருடையது. பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்தே நிலைத்துவந்த வழக்கம் இது. வருவாய் பெறுபவர் தொலைவில் இருந்து கவலையற்றவராயின் திருவிடம் பாழாகும். ஊரார் வறியராயின் மண்டபம் பாழாகும். கூரையில் வேய்ந்த ஈயத்தகடு ஓரிடத்திற் பெயர்ந்தால் மழைநீர் உள்ளே இறங்கும், உத்திரம் உளுக்கும், சில ஆண்டுகளிற் கூரை விழும், பின்னர்ச் சுவரும் சரியும்.

லேற்றனுக்கு ஐந்து மைல் அளவில் லிற்றில் கிடிங் என்றோரிடம் உண்டு. அங்கே நிக்கலஸ் பெரர் என்பவர் தம் அன்னையாரோடும் சுற்றத்தாரோடும் குடியேறி, மன்றாட்டும் தொண்டுமே வாழ்வாக வாழ்ந்துவந்தார். அவரும் கேம்பிறிட்ஜிற் கற்றவர், பாராளுமன்றத்தில் இருந்தவர், உலகியலை விடுத்தவர். ஹேர்பேட் தமது மானியத்தை அவருக்கே கொடுத்துவிட எண்ணினார். பெரர் அதனை ஏற்க மறுத்து, இடிந்த கோயிலை எடுப்பிக்குமாறு ஹேர்பேட்டைத் தூண்டினார்.

ஹேர்பேட்டின் வரலாற்றை 1670இல் எழுதி வெளியிட்ட ஐசாக் வோல்ற்றன் என்பார், இம்முயற்சியைத் தாயார் தடுத்தார் என்று கூறுவர். மகனோ உடல்நலிவுற்றவன், கைப்பொருளும் மிகுதியில்லை, கோயில் கட்டும் பெரும்பணி அவனுக்கு ஏன் என்று அவ்வம்மையார் அஞ்சியிருத்தல் இயல்பே. மகன் தம் கருத்தை எடுத்துரைத்தபின் அவரே மனம் மாறித் துணைநின்றார் என்பதும் வோல்ற்றன் கூற்று. அன்னையார் 1627இல் மறைந்தார். அவருக்கு இரங்கல் உரை நிகழ்த்தியவர் ஜோன் டன். தாயின் பிரிவால் உருகிய மைந்தர் இலத்தீனிலும் கிரேக்கத்திலும் பாடிய கவிதைகள் அவ்வுரையோடு சேர்த்து அச்சிடப்பட்டன.

கோயிற் பணிக்கு ஹேர்பேட் தம் பொருளை ஈந்தார், உற்றாரிடமும் இரந்தார். செல்வர் மாளிகைக்குத் தமக்கென ஒன்று வேண்டிச் செல்லாதவர், கோயிலுக்காகத் திருமுகங்கள் வரைந்தார். உறவினரான பெம்புறோக் பிரபு ஐம்பது பவுண் கொடுத்தார்; மீண்டும் கேட்க மேலும் ஐம்பது பவுண் கொடுத்தார் என்பர். அரண்மனையிற் பணியாற்றிய தம்பி ஹென்றி, லெனொக்ஸ் கோமகளாரிடம் பேசி உதவி பெற்றார். மரத்தையும் கல்லையும் மேற்பார்க்கும் பொறுப்பை நிக்கலஸ் பெரரின் தமையனார் ஜோன் ஏற்றார்.

இங்கே வியக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. ஹேர்பேட் லேற்றனுக்கு ஒருமுறையேனும் வந்து அக்கோயிலைக் கண்டார் என்பதற்கு ஒரு சான்றும் கிடைத்திலது. நோயும் தொலைவும் அவரைத் தடுத்தன போலும். கல்லொன்றும் காணாது நெஞ்சத்தினுள்ளே கோயிலெடுத்த பூசலார் நாயனாரின் வரலாறு அறிந்த நமக்கு, தாம் காணாத கோயிலை உள்ளத்தால் அளந்து கட்டுவித்த இவரின் நிலை எளிதில் விளங்கும்.

இரு பீடங்களின் பொருள்

புதுக்கப்பெற்ற அத்தேவாலயம் சிலுவை வடிவமானது. நெடுமண்டபத்தின் இருமருங்கும் முன்னர் இருந்த தூண்வரிசைகளும் பக்கச் சிறகுகளும் நீக்கப்பட்டன. ஆகவே இடையீடின்றிப் பார்வை ஓடும் ஒரே அகன்ற மண்டபம் உண்டாயிற்று. வடக்கிலும் தெற்கிலும் குறுக்குச் சிறைகள் உள, கிழக்கே திருவிடம். பழைய காலத்து வாயில்களைத் தள்ளிவிடாது புதுச் சுவரிலே பொருத்திக்கொண்டனர். கூரைநீரை வாங்கி இறக்கும் ஈயத் தொட்டிகளில் 1632 என்னும் ஆண்டு பொறிக்கப்பட்டிருத்தலை இன்றுங் காணலாம். மேற்கிலுள்ள கோபுரம் ஹேர்பேட் மறைந்தபின் லெனொக்ஸ் கோமகனின் செலவில் எழுந்தது. அதன் நான்கு மூலைகளிலும், பழைய கோதிக் முறைச் சிகரங்களுக்குப் பதிலாக, எகிப்திய நெடுங்கல் போன்ற கூர்ந்த தூண்கள் நிற்கின்றன. பழமையும் புதுமையும் ஒன்றை ஒன்று தழுவிய காலத்தின் அடையாளம் அது.

அக்கோயிலின் உயிர்நிலை இவற்றில் இல்லை. உள்ளேயுள்ள மரவேலையில் இருக்கின்றது. திருவிடத்தின் வாயில் வளைவுக்கு இருபுறமும் இரண்டு பீடங்கள் நிற்கின்றன. ஒன்று பிரசங்க பீடம். மற்றது மன்றாட்டு வாசிக்கும் பீடம். இரண்டும் கருவாலி மரத்தாற் செய்யப்பட்டவை. மேலே குரலொலியை மக்களிடம் திருப்பும் கவிகை உடையவை. இரண்டும் ஒரே உயரம். ஒன்றை ஒன்று நோக்கி நிற்கும் இரட்டையரைப் போல அவை தோன்றும்.

இதன் பொருளை உணர வேண்டுமாயின் அக்காலத்துச் சமயப் பூசலை உணர வேண்டும். பதினாறாம் நூற்றாண்டில் இங்கிலாந்துத் திருச்சபை றோமாபுரியிலிருந்து பிரிந்தது. 1549இல் ஆங்கில மன்றாட்டு நூல் வெளிவந்தது. அதன்பின் வழிபாட்டில் எதற்கு முதலிடம் என்று இரு சாரார் வாதிட்டனர். தூய்மைவாதிகள் எனப்பட்டோர், பிரசங்கமே உயிர், எழுதிவைத்த மன்றாட்டை வாசித்தல் வெறுஞ் சடங்கு என்றனர். மற்றையோர், திருச்சபை முழுவதும் ஒருங்கே செய்யும் மன்றாட்டே வழிபாடு என்றனர். ஊர்க்கோயில்களில் பிரசங்க பீடம் உயர்ந்தும், வாசிப்புப் பீடம் அதன் காலடியில் தாழ்ந்தும் இருத்தல் பெருவழக்காயிற்று. ஹேர்பேட்டோ இரண்டையும் ஒரே உயரத்தில் நிறுத்தினார். மன்றாட்டும் பிரசங்கமும் உடன்பிறந்தார் போல் நிகராக மதிக்கப்படல் வேண்டும் என்பதே அவர் கருத்தென வோல்ற்றன் விளக்குவர்.

நாவன்மையால் உயர்ந்த ஒருவர், பேருரையாளர் எனப் பட்டம் பெற்ற ஒருவர், தம் பேச்சு நிகழும் மேடையை மன்றாட்டுக்கு நிகராகத் தாழ்த்திக்கொண்டார் என்பதை நாம் உன்னிப் பார்த்தல் வேண்டும். இது தச்சன் அளவுகோலால் எழுதிய சமய நூல். அடுத்த பத்தாண்டுக்குள் உள்நாட்டுப் போர் மூண்டது. சமயப் பூசல் வாளேந்திற்று. கோயிற் பொருள்கள் பல உடைபட்டன. லேற்றனின் இரட்டைப் பீடங்கள் தப்பி நின்றன.

பெமேட்டன் ஊர்க் குரு

1628இல் ஹேர்பேட் பேருரையாளர் பதவியைத் துறந்தார். 1629ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஜேன் டன்வேர்ஸ் என்னும் நங்கையை மணந்தார். 1630 ஏப்பிரலில், சோல்ஸ்பரி நகருக்கும் வில்ற்றனுக்கும் இடையே, நடர் ஆற்றின் அருகிலுள்ள பெமேட்டன் என்னுஞ் சிற்றூரின் குருவாக அமர்ந்தார்; அதே ஆண்டு செப்ரெம்பர் 19ஆந் திகதி முழுக் குருப்பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு முப்பத்தேழு வயது. கயரோகம் உடலை அரித்துக்கொண்டிருந்தது.

பெமேட்டனிலுள்ள சென் அந்திரேயர் ஆலயம் மிகச் சிறியது. சில பத்துப்பேரே இருக்கக்கூடியது. அதற்கு எதிரே வீதியின் மறுபுறம் குருமனை. இரண்டும் பழுதடைந்திருந்தன. இரண்டையும் தம் பொருளால் திருத்தினார். பெற்றோரை இழந்த தம் தமக்கை மக்கள் மூவரையும் அம்மனையில் வளர்த்தார். அவருக்கும் மனைவியாருக்கும் வேறு மக்கட்பேறு இல்லை.

தாம் எவ்வாறு வாழ வேண்டும் என்று தமக்கே ஓர் அளவுகோலாக அவர் ஒரு நூல் எழுதினார். நாட்டுப்புறக் குருவின் இயல்பு கூறும் அவ்வுரைநடை நூல், 1652இல் அச்சேறியது. கோயிலைப் பேணும் முறையும் அதிற் கூறப்படுகின்றது. சுவர் பூசப்பட்டிருத்தல் வேண்டும். சாளரம் கண்ணாடி இட்டிருத்தல் வேண்டும். தரை பாவப்பட்டிருத்தல் வேண்டும். தூசியும் சிலந்திவலையும் இல்லாது பெருக்கப்பட்டிருத்தல் வேண்டும். திருநாட்களில் பசுந்தழை பரப்பி நறும்புகை இடுதல் வேண்டும். வேதவாக்கியங்கள் சுவரில் எழுதப்படல் வேண்டும். வறியார்க்கென ஓர் உண்டியல் இருத்தல் வேண்டும். கேம்பிறிட்ஜின் பேரறிஞர் சிலந்திவலை பற்றி எழுதுகின்றார்! மேலும், மிக வறியவரின் குடிசை நாற்றம் பொறுக்கவொண்ணாததாயினும் குனிந்து உட்புக வேண்டும் என்றும், மூலிகை மருந்து அறிந்திருக்க வேண்டும் என்றும், உழவர்க்கு ஏரும் விதையும் கொண்டே உவமை காட்ட வேண்டும் என்றும் அந்நூல் அறிவுறுத்தும்.

அவர் காலையும் மாலையும் மணியடித்து மன்றாட்டு நடத்துவார் என்றும், அம்மணியோசை கேட்ட உழவர் ஏரை நிறுத்திச் சிறிதுநேரம் இறைவனை நினைப்பர் என்றும் வோல்ற்றன் எழுதுவர். வாரம் இருமுறை சோல்ஸ்பரிப் பேராலயத்துக்கு நடந்துசென்று இசை கேட்டு இன்புறுவார். வீணைபோன்ற நரம்புக் கருவியைத் தாமே இசைப்பார். ஒருமுறை வழியிலே ஓர் ஏழையின் குதிரை சுமையோடு வீழ்ந்து கிடக்கக் கண்டு, மேலங்கியைக் கழற்றிவைத்துச் சுமையிறக்கிக் குதிரையை எழுப்பிவிட்டு, சேறுபடிந்த ஆடையோடு நண்பர் கூட்டத்துட் புகுந்தார். அக்கோலங் கண்டு குறைகூறியவரிடம், அச்செயலின் நினைவு தமக்கு நள்ளிரவில் இன்னிசையாய் ஒலிக்கும் என்ற கருத்துப்பட விடையிறுத்தார் என்பர். வோல்ற்றன் ஹேர்பேட்டை அணுகிப் பழகியவரல்லர். அன்பின் மிகுதியால் எழுதியவர். ஆதலின் இக்கதைகளின் ஒவ்வொரு கூற்றையும் சான்றெனக் கொள்ள வேண்டியதில்லை. எனினும் அவர் தீட்டிய உருவமும் ஹேர்பேட்டின் நூலிற் காணப்படும் உள்ளமும் மாறுபடவில்லை.

சொல்லாலான கோயில்

1633ஆம் ஆண்டு மார்ச் மாதம் 1ஆந் திகதி ஹேர்பேட் காலமானார். நாற்பது வயது நிரம்புதற்கு ஒரு மாதம் குறைவு. ஊர்க்குருவாக அவர் பணியாற்றியது மூன்றாண்டும் நிரம்பாத காலமே. பெமேட்டன் ஆலயத்திற் பீடத்தின் அருகே அவரை அடக்கஞ் செய்தனர்.

இறக்குந் தறுவாயில் அவர் ஒரு சிறு கையெழுத்தேட்டை நண்பரொருவர் மூலம் நிக்கலஸ் பெரருக்கு அனுப்பினார். துயருற்ற ஓர் ஏழை உள்ளத்துக்கேனும் அது பயன்படும் என்று தோன்றின் வெளியிடுக, இல்லையேல் எரித்துவிடுக என்பது அவர் விடுத்த செய்தியென வோல்ற்றன் கூறுவர். பெரர் அதனை அவ்வாண்டிலேயே கேம்பிறிட்ஜில் அச்சிடுவித்தார். அதன் பெயர் ஆலயம். முதற்பகுதி கோயில் முகமண்டபம், நீதி கூறுவது. அதனைக் கடந்தால் கோயிலின் உள்ளிடம். கோயிலின் தரை, சாளரம், பூட்டும் திறவுகோலும், கல்லறை என ஒவ்வோர் உறுப்பும் ஒரு பாட்டின் பொருளாகின்றது. பலிபீடம் பற்றிய பாட்டு பீடத்தின் வடிவிலேயே அடிகள் குறுகியும் அகன்றும் அமைந்தது. உயிர்த்த ஞாயிற்றின் சிறகுகள் என்னும் பாட்டு சிறகு விரித்தாற் போல அச்சிடப்பெற்றது. நம் மொழியில் இரதபந்தமும் நாகபந்தமும் ஆகிய சித்திரகவிகளைக் கற்றார்க்கு இவ்வழகு புதிதன்று. ஆயினும் அவர் வடிவத்தைப் பொருளுக்கு ஏவல் கொண்டாரேயன்றி வித்தை காட்ட அதனைக் கொண்டாரல்லர். இறைவனோடு பிணங்குதலும், கலங்குதலும், பின் ஒரு சொல்லால் அடங்குதலுமாகிய உள்ளப் போரையே அப்பாடல்கள் காட்டுகின்றன.

அந்நூல் பல பதிப்புக் கண்டது. பதினெட்டாம் நூற்றாண்டில், மனநோயால் வாடிய கவிஞர் வில்லியம் கௌப்பர் அதனாற் சிறிது ஆறுதல் பெற்றார். இசையறிஞர் வோகன் வில்லியம்ஸ் அதன் பாடல்களுக்கு அமைத்த இசை 1911இல் அரங்கேறியது. கவிஞர் ரி. எஸ். எலியற் 1962இல் ஹேர்பேட்டைப் பற்றி ஒரு சிறுநூல் எழுதினார். அவருடைய பாடல்கள் சில தேவாலயக் கீர்த்தனைகளாக இன்றும் பாடப்படுகின்றன.

ஏடும் கல்லும்

லேற்றனில் இரு பீடங்களும் இன்றும் ஒரே உயரத்தில் நிற்கின்றன. பெமேட்டன் சிற்றாலயமும் நிலைத்திருக்கின்றது. 1861இல் அவர் நினைவாக அவ்வூரிற் பெரியதொரு தேவாலயமும் எழுந்தது. அரசவையில் அவர் எய்த விரும்பிய பதவிகளை எய்தியோர் பலருடைய பெயரை வரலாற்று மாணவரும் ஏடு புரட்டியே அறிதல் வேண்டும். சில பத்துப்பேர் இருக்கும் கோயிலிற் பணிசெய்தவரின் பெயரோ நானூறு ஆண்டுகள் அணித்தாகியும் மறையவில்லை.

கல்வியை யாருக்கு ஆக்குவது என்னும் வினாவுக்கு ஹேர்பேட் நூலெழுதி விடை கூறினார். அதனினும் தெளிவான விடை அக்கோயிலின் மரவேலையில் இருக்கின்றது. பேசுகின்றவரின் மேடை மன்றாடுகின்றவரின் மேடையினும் ஒரு விரற்கடையும் உயராதிருக்குமாறு அவர் தச்சருக்குச் சொல்லியனுப்பினார். கற்பிக்கும் தொழிலிலும் போதிக்கும் தொழிலிலும் உள்ள நாம் நம்முடைய மேடையின் உயரத்தை இடையிடையே அளந்து பார்த்தல் நன்று.